பல் உடைந்தாலும் தண்டுவடம் முறிந்தாலும் ஒரே பிரிவா? ஆபத்தான ஓட்டுதலும் கொடுங்காயத்துக்கான தண்டனையும்

நெடுவழி எழுதியது:

சாலை விபத்துக்கான தண்டனை பற்றி நம் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் பேசும்போது, பேச்சு எப்போதும் உயிரிழப்பைச் சுற்றியே நின்றுவிடுகிறது. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 1,68,491 பேர் சாலையில் இறந்தார்கள். காயமடைந்தவர்கள் 4,43,366 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்கோடு தமிழ்நாடு அந்த ஆண்டு முதலிடத்தில் இருந்தது. காயமடைந்தவர்களுள் சிராய்ப்போடு வீடு திரும்பியவர்களும் உண்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் ஆயுள் முழுவதும் படுக்கையில் கழிக்கப் போகிறவர்களும் உண்டு. இரண்டாவது வகையினரைப் பற்றித்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 125(பி) பிரிவின்படி, பிறர் உயிருக்கு ஆபத்து நேரும் விதமாக அசட்டுத் துணிச்சலுடனோ கவனக்குறைவாகவோ செயல்பட்டு ஒருவருக்குக் கொடுங்காயம் விளைவித்தால், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கொடுங்காயம் எது என்பதை 116ஆம் பிரிவு எட்டு வகையாகச் சொல்கிறது. கண் பார்வையை நிரந்தரமாக இழப்பது அதில் இருக்கிறது. ஓர் உறுப்பையோ மூட்டையோ இழப்பது இருக்கிறது. எலும்போ பல்லோ முறிவதும் அதே பட்டியலில் இருக்கிறது. ஆக, இருசக்கர வாகனத்தில் சென்றவரை இடித்துத் தள்ளி அவருடைய முன்பல்லை உடைத்தவரும், அவருடைய தண்டுவடத்தை முறித்தவரும் ஒரே பிரிவின் கீழ், ஒரே உச்சவரம்புக்குள் நிற்கிறார்கள். இது சரியா? சட்டம் அறிந்தவர்களும், வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களும், பாதிக்கப்பட்டவர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

கறுப்பங்கி எழுதியது:

நெடுவழி கேட்டிருப்பது நியாயமான கேள்வி. பதிலுக்கு முன் பழைய நிலையையும் சொல்லிவிடுகிறேன். இந்திய தண்டனைச் சட்டத்தின் 338ஆம் பிரிவில் இதே குற்றத்துக்கு 2 ஆண்டும் 1,000 ரூபாயும்தான் உச்சவரம்பு. புதிய சட்டம் அதை 3 ஆண்டாகவும் 10,000 ரூபாயாகவும் உயர்த்தியிருக்கிறது. கொடுங்காயத்தின் வரையறையிலும் ஒரு சிறு மாற்றம் உண்டு: கடும் வலியிலோ, வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாமலோ 20 நாள் இருந்தால் கொடுங்காயம் என்றிருந்தது இப்போது 15 நாளாகக் குறைந்திருக்கிறது. அதாவது வாசலை அகலப்படுத்தியிருக்கிறார்கள். உள்ளே படிநிலை எதுவும் வைக்கவில்லை.

படிநிலை என்ற எண்ணமே சட்டமியற்றியவர்களுக்கு வரவில்லை என்றும் சொல்ல முடியாது. அதே சட்டத்தின் 117(3) பிரிவைப் பாருங்கள். கொடுங்காயத்தால் ஒருவருக்கு நிரந்தர ஊனமோ, உணர்வற்ற தாவர நிலையோ ஏற்பட்டால், குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல் முதல் ஆயுள் சிறை வரை தண்டனை உண்டு. ஆனால் அது தன்னிச்சையாக, அதாவது நோக்கத்தோடோ விளைவை அறிந்தோ காயப்படுத்துவதற்கு மட்டுமே பொருந்தும்; கவனக்குறைவுக்குப் பொருந்தாது. குற்றவியல் சட்டம் முதலில் குற்றம் செய்தவரின் மனநிலையைப் பார்க்கிறது, விளைவைப் பிறகுதான் பார்க்கிறது என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம்.

பத்துச்சக்கரம் எழுதியது:

இருபது ஆண்டுகளுக்கு மேல் லாரி ஓட்டியவன், இப்போது சொந்தமாக இரண்டு வண்டி வைத்திருப்பவன் என்ற முறையில் சில வார்த்தைகள். தண்டனையைக் கூட்ட வேண்டும் என்ற குரல் எழும்போதெல்லாம் முதலில் மாட்டுபவர் கனரக வாகன ஓட்டுநர்தான். இரண்டு வண்டி மோதினால் பெரிய வண்டிக்காரன்மீதுதான் குற்றம் என்று கூட்டம் அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறது. விளக்கில்லாத நெடுஞ்சாலையில், நடுத்தடுப்பில் யாரோ தங்கள் வசதிக்கு உடைத்து வைத்த இடைவெளி வழியாகத் திடீரென்று குறுக்கே வந்தவரை இடித்த ஓட்டுநரையும், குடித்துவிட்டு எதிர்த்திசையில் வந்து மோதியவரையும் ஒரே பிரிவில் நிறுத்துகிறார்களே, அது மட்டும் சரியா? காயத்தில் படிநிலை இல்லை என்று நெடுவழி வருந்துகிறார். ஓட்டிய விதத்திலும் படிநிலை இல்லை என்பதுதான் என் வருத்தம்.

தப்பி ஓடினால் 10 ஆண்டு என்று 106(2) பிரிவு வந்தபோது, 2024 ஜனவரியில் நாடு முழுவதும் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தினார்கள். அதைப் பொறுப்பற்ற போராட்டம் என்று எழுதியவர்கள், அடித்தே கொல்லப்படுவோம் என்ற அச்சத்தில் ஓடுகிறவனின் நிலையை எண்ணிப் பார்க்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவே, காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்யும் கடமையைச் சொல்லும்போது, கூட்டத்தின் ஆவேசத்தால் அது இயலாமற்போகலாம் என்று ஒரு விலக்கும் தந்திருக்கிறது. அந்த விலக்கை எழுதியவருக்குச் சாலை தெரிந்திருக்கிறது.

கறுப்பங்கி எழுதியது:

106(2) பிரிவு இன்னும் ஓட்டுநர்கள் தலைமேல் தொங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் வெளியான அறிவிக்கை, புதிய சட்டத்தை ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்தியபோது அந்த ஓர் உட்பிரிவை மட்டும் விலக்கி வைத்தது. இன்னொன்று கவனியுங்கள்: அந்த உட்பிரிவு மரணத்துக்கு மட்டுமே எழுதப்பட்டது. ஒருவரைக் குற்றுயிராக்கிவிட்டுத் தப்பி ஓடுவதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவில் கூடுதல் தண்டனை எதுவும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 187ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு, அவ்வளவுதான். இடித்த வண்டி எதுவென்று தெரியாமலே போய்விட்டால், 161ஆம் பிரிவின் திட்டப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், கொடுங்காயம் பட்டவருக்கு 50,000 ரூபாய்.

ஓட்டிய விதத்தை அளக்கும் கோல் நம் சட்டத்தில் இல்லை என்று பத்துச்சக்கரம் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவில் அது இல்லை. ஆனால் 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில் இருக்கிறது. சிவப்பு விளக்கைத் தாண்டுவது, நிறுத்தக் குறியை மீறுவது, கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவது, விதிக்கு முரணாக முந்துவது, எதிர்த்திசையில் ஓட்டுவது ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுவிட்டு, திறமையும் கவனமும் உள்ள ஓர் ஓட்டுநரிடம் எதிர்பார்ப்பதைவிட வெகுவாகத் தாழ்ந்த விதத்தில், அப்படி ஓட்டுவது ஆபத்து என்பது அத்தகைய ஓட்டுநருக்குத் தெளிவாகத் தெரியும் சூழலில் ஓட்டுவதும் ஆபத்தான ஓட்டுதலே என்று அது சொல்கிறது. முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 3 ஆண்டுகளுக்குள் மீண்டும் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

குறை எங்கே என்றால், இந்த நல்ல வரையறையும் 125ஆம் பிரிவும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. 184இல் விளைவுக்கு இடமில்லை, 125இல் ஓட்டிய விதத்துக்கு இடமில்லை. இரண்டு சட்டங்களின் கீழும் ஒரே நேரத்தில் வழக்குத் தொடரத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தெளிவுபடுத்திவிட்டது என்றாலும், இரண்டு சிறிய குற்றங்களை அருகருகே வைத்தால் ஒரு பெரிய குற்றம் உருவாகிவிடாது.

தேம்ஸ்கரையான் எழுதியது:

கறுப்பங்கி ஐயா விவரித்த அந்த வரையறை, நான் வாழும் பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் சொற்களுக்கு மிக நெருக்கமானது. ஆனால் இங்கே அந்த வரையறை அபராதச் சீட்டோடு நின்றுவிடுவதில்லை, விளைவுக் குற்றங்களுக்கும் அடித்தளமாக இருக்கிறது. ஆபத்தான ஓட்டுதலால் கடும் காயம் விளைவிப்பது தனிக் குற்றமாக 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. உச்சவரம்பு 5 ஆண்டு. அந்த அளவு மோசமில்லாத கவனக்குறைவான ஓட்டுதலால் கடும் காயம் விளைவிப்பதற்கு 2022 ஜூன் முதல் வேறொரு தனிக் குற்றம், உச்சவரம்பு 2 ஆண்டு. குறுக்கே வந்தவரை இடித்தவரும் எதிர்த்திசையில் வந்தவரும் ஒரே கூண்டில் நிற்கக் கூடாது என்ற பத்துச்சக்கரம் அவர்களின் கோரிக்கைக்கு இது ஓரளவு விடை.

சிறையைவிட இங்கே ஓட்டுநர்கள் அஞ்சுவது உரிமப் பறிப்புக்கு. ஆபத்தான ஓட்டுதலால் கடும் காயம் விளைவித்தவருக்குக் குறைந்தது 2 ஆண்டு ஓட்டத் தடை கட்டாயம். அதற்குப் பிறகும் வழக்கமான தேர்வைவிட நீண்ட, கடினமான ஓட்டுநர் தேர்வில் தேறினால்தான் உரிமம் திரும்பும்.

கறுப்பங்கி எழுதியது:

பயனுள்ள ஒப்பீடு. ஆனால் அங்கும் நெடுவழியின் கேள்விக்கு விடை இல்லை, தேம்ஸ்கரையான் ஐயா. 2022இல் ஆபத்தான ஓட்டுதலால் மரணம் விளைவிப்பதற்கான உச்சவரம்பை 14 ஆண்டிலிருந்து ஆயுள் சிறையாக உயர்த்தினீர்கள். கடும் காயத்துக்கு 5 ஆண்டையே வைத்திருந்தீர்கள். இந்தியாவில் 106(1) பிரிவின்படி மரணத்துக்கு 5, கொடுங்காயத்துக்கு 3. உங்கள் ஊரில் மரணத்துக்கு ஆயுள், காயத்துக்கு 5. பாதிக்கப்பட்டவர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார் என்ற ஒரே காரணத்தால் கிடைக்கும் தள்ளுபடி அங்கேதான் பெரிது.

நெடுவழி எழுதியது:

அந்தத் தள்ளுபடி நம் நாட்டில் எவ்வளவு விசித்திரமான இடத்துக்குக் கொண்டுபோய் விடும் என்பதற்கு மும்பை கார்ட்டர் சாலை வழக்கை எடுத்துக்கொள்ளலாம். 2006 நவம்பரில், குடிபோதையில் இருந்தவர் ஓட்டிய கார் நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மீது ஏறியது. 7 பேர் இறந்தார்கள், 8 பேர் காயமடைந்தார்கள். விசாரணை நீதிமன்றம் கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று கொண்டு 6 மாதம் விதித்தது. மும்பை உயர் நீதிமன்றம் அதை மாற்றி, கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதிக்கு உயர்த்தி 3 ஆண்டு விதித்தது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நடைபாதையில் ஆட்கள் உறங்குவார்கள் என்பதும், குடித்துவிட்டு அந்த வேகத்தில் ஓட்டினால் உயிர் போகும் என்பதும் ஓட்டியவருக்குத் தெரியும் என்பதே அடிப்படை.

அதே காரில், அதே நொடியில் அடிபட்டுப் பிழைத்த 8 பேர் விஷயத்தில் என்ன ஆனது? 338, 337 ஆகிய பிரிவுகள், அதாவது அசட்டுத் துணிச்சலும் கவனக்குறைவும். இறந்தவர்களைப் பொறுத்தவரை விளைவை அறிந்தே செயல்பட்டவர், பிழைத்தவர்களைப் பொறுத்தவரை வெறும் கவனக்குறைவானவர் ஆகிவிட்டார். ஒரே மனிதர், ஒரே ஸ்டியரிங், இரண்டு மனநிலைகள். குற்றவியல் சட்டம் மனநிலையைத்தான் முதலில் பார்க்கிறது என்று கறுப்பங்கி சொன்ன விளக்கம் இந்த இடத்தில் நிற்குமா?

கறுப்பங்கி எழுதியது:

இரண்டு பிரிவுகளும் ஒரே செயலுக்குப் பொருந்துமா என்ற வாதம் அந்த வழக்கிலேயே எழுப்பப்பட்டது. ஒரு செயல் அசட்டுத் துணிச்சலாகவும் இருக்கலாம், விளைவு பற்றிய அறிவோடும் செய்யப்பட்டிருக்கலாம், இரண்டும் ஒன்றையொன்று விலக்கவில்லை என்று நீதிமன்றம் பதில் சொன்னது. சட்டப்படி அது நிற்கும். ஆனால் நியாயப்படி நெடுவழியின் கேள்வி அப்படியே இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் பார்வையில் இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. கொலையாகாத மரணம் விளைவிக்க முயலுதல் என்ற குற்றம் 110ஆம் பிரிவில் இருக்கிறது. பழைய சட்டத்தில் 308. ஒரு செயலால் மரணம் நேர்ந்திருந்தால் அது கொலையாகாத மரணம் விளைவித்தல் ஆகியிருக்கும் என்ற சூழலில், நோக்கத்தோடோ அறிவோடோ அச்செயலைச் செய்து, அதனால் ஒருவர் காயமடைந்தால் 7 ஆண்டு வரை சிறை. குடித்துவிட்டு நடைபாதையில் ஏற்றியவருக்கும், பந்தயம் ஓட்டி எதிர்த்திசையில் பாய்ந்தவருக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று வாதிட இடமிருக்கிறது. 117ஆம் பிரிவுகூட, கொடுங்காயம் நேரக்கூடும் என்று அறிந்திருந்தாலே போதும் என்கிறது, காயப்படுத்தும் விருப்பத்தைக் கேட்கவில்லை. அந்த அறிவை மெய்ப்பித்துவிட்டால் நான் முதலில் குறிப்பிட்ட 117(3) வரை வழக்கைக் கொண்டுபோகலாம் என்பது ஏட்டளவில் சரி. ஓர் ஓட்டுநர்மீது அத்தனை தூரம் போவது நீதிமன்றத்தில் எளிதில் எடுபடாது.

பத்துச்சக்கரம் எழுதியது:

வழக்கறிஞர் ஐயா சொல்வது எனக்கு அச்சமாக இருக்கிறது. அறிவு இருந்தது என்பதை யார் முடிவு செய்வது? உதவி ஆய்வாளர் முதல் தகவல் அறிக்கையில் எழுதும் பிரிவுதான் பல மாதங்களுக்கு ஓட்டுநரின் தலையெழுத்து. 125ஆம் பிரிவு என்றால் அன்றே பிணையில் வரலாம்; பிரிவை மாற்றினால் சிறை. நாளை ஊர்க்காரர்கள் சாலையை மறித்தால் போதும், எல்லா லாரி ஓட்டுநர்மீதும் பெரிய பிரிவு பாயும்.

பழைய காக்கி எழுதியது:

காவல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பத்துச்சக்கரம் அவர்களின் அச்சம் புரிகிறது. ஆனால் நடைமுறையில் நான் பார்த்த சிக்கல் நேர் எதிரானது. பெரிய பிரிவு தேவையில்லாமல் பாய்வது அரிது. சிறிய பிரிவைக்கூட மெய்ப்பிக்க முடியாமல் வழக்கு கரைந்துபோவதுதான் அன்றாடம்.

தமிழ்நாட்டில் எந்த விபத்து வழக்கின் முதல் தகவல் அறிக்கையை எடுத்தாலும், எதிரி தன் வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதாக ஒரு வரி இருக்கும். எல்லா வழக்கிலும் அதே வரி. எவ்வளவு வேகம், அந்தச் சாலையில் எவ்வளவு அனுமதி, பிரேக் பிடித்த தடம் எத்தனை அடி நீளம், தடமே இல்லையென்றால் ஏன் இல்லை என்பதெல்லாம் சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரிலும் மாதிரி வரைபடத்திலும் இருக்க வேண்டும், பெரும்பாலும் இருக்காது. வேகமாக வந்தது என்று ஒரு சாட்சி சொல்வதால் மட்டும் அசட்டுத் துணிச்சலோ கவனக்குறைவோ மெய்ப்பிக்கப்பட்டதாகாது என்று உச்ச நீதிமன்றம் 1998இலேயே ஒரு கர்நாடக வழக்கில் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் நாங்கள் அதே வரியைத்தான் எழுதிக்கொண்டிருந்தோம்.

மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை பிரேக் வேலை செய்ததா என்பதோடு முடிந்துவிடும். கண்காணிப்புக் கேமரா பதிவு சில நாளிலேயே தானாக அழிந்துவிடும். யாராவது ஓடிப்போய் வாங்கி வைத்தால் உண்டு. குடித்திருந்தார் என்றால் 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்ததைக் காட்ட வேண்டும். ஓட்டுநர் தப்பி ஓடி மறுநாள் சரணடைந்தால் அந்தச் சான்று காற்றோடு போயிற்று. தப்பி ஓடுவதற்கு அடி விழும் என்ற அச்சம் மட்டும் காரணமல்ல என்பதைப் பத்துச்சக்கரம் அவர்களும் அறிவார். ஓட்டியவர் ஒருவர், சரணடைபவர் வேறொருவர் என்ற கதைகளையும் பார்த்திருக்கிறேன்.

2022இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. அது இழப்பீட்டுக்காக ஏற்பட்டது என்றாலும், ஒழுங்காகச் செய்தால் குற்ற வழக்குக்கும் முதுகெலும்பாக இருக்கும்.

ஊன்றுகோல் எழுதியது:

நான் 125ஆம் பிரிவின் மறுபக்கத்தில் இருப்பவள். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. வழக்கு எப்படிக் கரைகிறது என்று பழைய காக்கி ஐயா சொன்னதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். பழைய 338 பிரிவு, காயமடைந்தவர் இசைந்தால் நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளக் கூடியது. மரண வழக்கில் அப்படிச் செய்ய முடியாது. மருத்துவமனைக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும்போது, எதிர்த்தரப்பிலிருந்து வருபவர் ஒரு தொகையைச் சொல்லி, வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்று பேசுகிறார். இசையாவிட்டால் பிறழ்சாட்சியாகும்படி அறிவுரை வருகிறது. இறந்தவருக்கு இல்லாத ஒரு சுமை பிழைத்தவர் தலையில் விழுகிறது: குற்றவாளியை விடுவிக்கும் பேரம்.

இழப்பீடு இருக்கிறதே என்பார்கள். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் தரும் தொகையை வழக்கமாகச் செலுத்துவது காப்பீட்டு நிறுவனம். வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு இருந்து உரிமமும் சரியாக இருந்தால், என் காலை எடுத்தவரின் பையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போக வேண்டியதில்லை. எனக்குப் பணம் கிடைப்பது நல்லது. அதைத் தண்டனை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று. கொடுங்காயத்தைத் தரம் பிரிப்பது கடினம் என்பவர்கள் தீர்ப்பாயத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கலாம். அங்கே தினமும் அதைத்தான் செய்கிறார்கள். மருத்துவக் குழு ஊனத்தின் விழுக்காட்டைச் சொல்கிறது. அந்த ஊனம் இந்த ஆளின் வாழ்வையும் பிழைப்பையும் எவ்வளவு முடக்குகிறது என்பதைத் தீர்ப்பாயம் தனியாகக் கணக்கிடுகிறது. இடக்கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் பிழைப்பு ஏறத்தாழ முழுவதும் போயிற்று, அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை தொடரலாம் என்று 2010இல் உச்ச நீதிமன்றமே வழி காட்டியது. அதே காகிதங்கள், அதே மருத்துவர், அடுத்த கட்டடத்தில் இருக்கும் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்குப் போனால் எல்லாம் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன: கொடுங்காயம்.

பத்துச்சக்கரம் எழுதியது:

அம்மா, உங்களுக்கு நேர்ந்தது கொடுமை. அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரே தவறை இரண்டு ஓட்டுநர்கள் செய்கிறார்கள். ஒருவர் இடித்தவர் தலைக்கவசம் அணிந்திருந்தார், கை முறிவோடு தப்பினார். மற்றவர் இடித்தவர் அணியவில்லை, நினைவு திரும்பவில்லை. இரண்டாமவருக்கு மூன்று மடங்கு சிறை என்றால், அவரைத் தண்டிப்பது அவருடைய குற்றத்துக்கா, அவருடைய கெட்ட நேரத்துக்கா? காயத்தை அளந்து தண்டிக்காதீர்கள், ஓட்டியதை அளந்து தண்டியுங்கள் என்கிறேன்.

அப்படி அளக்கும்போது இரவு முழுவதும் ஓட்டச் சொன்னவரையும் சேர்த்து அளக்க வேண்டும். 2025 வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. சரக்கு இன்ன நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று கெடு வைக்கிற எந்த முதலாளியும் விபத்து வழக்கில் குற்றவாளியாக நின்று நான் பார்த்ததில்லை. சிறுவன் ஓட்டினால் பெற்றோரையோ வண்டி உரிமையாளரையோ 3 ஆண்டு வரை சிறைக்கு அனுப்ப மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ பிரிவு இருக்கிறது. தூக்கமில்லாத ஓட்டுநரை அனுப்பிய உரிமையாளருக்கு அதுபோல ஒன்று ஏன் இல்லை? நானும் இப்போது உரிமையாளன்தான், தெரிந்தே கேட்கிறேன்.

நெடுவழி எழுதியது:

பத்துச்சக்கரம் அண்ணனின் வாதத்தை முழுவதும் ஏற்றால் 106ஆம் பிரிவையும் நீக்க வேண்டியிருக்கும். மரணமும் அந்தக் கெட்ட நேரத்தின் ஒரு வகைதானே. அதற்கு எந்தச் சமூகமும் இணங்காது. விளைவைக் கணக்கில் எடுப்பது என்று ஏற்கெனவே முடிவு செய்தாகிவிட்டது. மரணத்தில் மட்டும் எடுத்துவிட்டு நிரந்தர முடக்கத்தில் எடுக்க மறுப்பதுதான் என் மறுப்பு. ஓட்டிய விதம் முதலில், அதற்குள் விளைவு என்று இரண்டு அடுக்காக வைத்தால் அவருடைய கவலைக்கும் இடம் இருக்கும். வெறும் கவனக்குறைவு என்றால் காயம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் இப்போதைய 3 ஆண்டைத் தாண்ட வேண்டாம். 184ஆம் பிரிவு சொல்லும் ஆபத்தான ஓட்டுதல் மெய்ப்பிக்கப்பட்டு, மருத்துவக் குழு நிரந்தர ஊனம் என்று சான்றளித்தால், அந்தத் தண்டனை கவனக்குறைவால் நேர்ந்த மரணத்துக்கான 5 ஆண்டுக்குக் குறையாத உச்சவரம்பு கொண்டதாக இருக்கட்டும். உரிமையாளர் பொறுப்பு பற்றி அவர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

கறுப்பங்கி எழுதியது:

உச்சவரம்பை உயர்த்துவதால் மட்டும் நீதிபதிகளின் கை உயர்ந்துவிடுவதில்லை. 2015இல் ஒரு பஞ்சாப் வழக்கில், இருவர் இறந்த விபத்துக்கு விசாரணை நீதிமன்றம் விதித்த ஓராண்டு சிறையை உயர் நீதிமன்றம் ஏற்கெனவே கழித்த 24 நாளாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றம் தலையிட்டு 6 மாதம் ஆக்கியதோடு, தண்டனைக் கொள்கையை மறுஆய்வு செய்யும்படி சட்டமியற்றுவோரைக் கேட்டுக்கொண்டது. அன்று சட்டத்தின் உச்சவரம்பு 2 ஆண்டு. அதைக்கூட யாரும் தொடவில்லை என்பதைப் பாருங்கள். கொடுங்காய வழக்கில் அபராதத்தோடு முடிவது வழக்கமாக இருக்கும்போது, தண்டனை போதவில்லை என்று பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யவும் முடியாது. விடுதலையை எதிர்த்தோ, சிறிய குற்றமாகக் குறைத்ததை எதிர்த்தோ, இழப்பீடு போதாது என்றோ அவர் போகலாம். தண்டனையின் அளவை எதிர்க்கும் உரிமை அரசுக்கு மட்டுமே. மூன்றாண்டை ஐந்தாக்குவதைவிட இந்த ஒரு கதவைத் திறந்துவிடுவது பயன் தரும் என்பது என் கருத்து.

ஊன்றுகோல் எழுதியது:

சட்டம் மாறும்போது மாறட்டும். இன்றைக்கு ஒருவர் அறுவைச் சிகிச்சைக் கூடத்தின் வாசலில் உட்கார்ந்துகொண்டு இந்த இழையைப் படிக்கிறார் என்றால், அவர் என்ன செய்ய வேண்டும், ஐயா?

கறுப்பங்கி எழுதியது:

மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலில் எப்படி, எந்த வாகனத்தால் அடிபட்டது என்ற குறிப்பு சரியாக இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். பின்னாளில் எதிர்த்தரப்பு முதலில் கை வைப்பது அதில்தான். அருகிலுள்ள கடைகளின் கேமரா பதிவைப் பாதுகாக்கும்படி காவல் நிலையத்தில் எழுத்து வடிவில் மனு கொடுத்து, பெற்றதற்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள். சிகிச்சைக்கு, 2025இல் நடைமுறைக்கு வந்த திட்டத்தின்படி 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை, நியமிக்கப்பட்ட மருத்துவமனைகளில் பணம் கட்டாமல் பெற வழி இருக்கிறது; கேட்டால்தான் சொல்வார்கள்.

முதல் தகவல் அறிக்கை பெரும்பாலும் 281 (பொதுவழியில் அசட்டுத் துணிச்சலாக ஓட்டுதல்) உடன் 125(ஏ), அதாவது சாதாரணக் காயம் என்று பதிவாகும். எலும்பு முறிவோ உறுப்பிழப்போ உறுதியானதும் காயச் சான்றிதழைக் கொடுத்து 125(பி) ஆக மாற்றச் சொல்லுங்கள். குடிபோதை, எதிர்த்திசை, பந்தயம் போன்ற சூழல் இருந்தால் 110ஆம் பிரிவைச் சேர்க்க வேண்டும் என்ற மனுவையும் குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் மேல் விசாரணை கோரலாம், ஆனால் வேகம் போய்விடும். இழப்பீட்டு மனுவுக்கு விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம் என்று சட்டத்தில் எழுதியிருப்பதால், அதற்குள் தாக்கல் செய்துவிடுவதே பாதுகாப்பு. சமரசத்துக்கு யாராவது வந்தால், நிரந்தர ஊனச் சான்றிதழ் கைக்கு வரும் வரை எந்தக் காகிதத்திலும் கையொப்பம் இடாதீர்கள்.

பழைய காக்கி எழுதியது:

மேலே சொன்ன மனுவைக் காவல் நிலையத்தில் வாங்க மறுத்தால், பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். மாநகரமாக இருந்தால் ஆணையருக்கு. தபால் ரசீதை வழக்கு முடியும் வரை தொலைக்காதீர்கள்.